“நம் பண்பாட்டில் இதெல்லாம் கிடையாது” – எப்போதிலிருந்து?

கீழவீதி:

இன்னொரு குழுவில் நடந்த சண்டையை இங்கே கொண்டு வருகிறேன், அங்கே ஆதாரத்தோடு பேச ஆள் இல்லை. ஒரே பால் காதல், திருநங்கைகள் கேட்கும் உரிமை, பெண்கள் தங்கள் ஆசையைப் பற்றி வாய்திறந்து பேசுவது, எல்லாவற்றையும் ஒரே மூட்டையாகக் கட்டி “இது வெள்ளைக்காரன் சரக்கு, நம் பண்பாட்டில் கிடையாது” என்று ஒருவர் எழுத, ஏகப்பட்ட பேர் ஆமாம் போட்டிருக்கிறார்கள்.

நான் தஞ்சாவூர்க்காரன். எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்கிறேன். 18ஆம் நூற்றாண்டில், மராட்டிய மன்னர் பிரதாபசிம்மன் சபையில் முத்துப்பழனி என்று ஒரு தாசி இருந்தார். தெலுங்கில் ‘ராதிகா சாந்த்வனம்’ என்று ஒரு காவியம் எழுதினார். ராதை தான் வளர்த்த பெண்ணையே கிருஷ்ணனுக்குக் கட்டிவைத்து, முதல் இரவுக்கு அனுப்பும்முன் இருவருக்கும் புத்திமதி சொல்லி, அப்புறம் பொறாமையில் வெந்து போகிறாள், கிருஷ்ணன் வந்து அவளைத் தணிக்க வேண்டியிருக்கிறது. ஆசைப்படுகிறவளும் பெண், அந்த ஆசையை எழுதுகிறவளும் பெண். அதற்காக அந்தச் சபையில் அவரை யாரும் அடித்து விரட்டவில்லை.

நூறு வருடத்துக்குப் பிறகுதான் வசை வருகிறது. வைதவர் பழமைவாதி இல்லை, 1881இல் ராஜமுந்திரியில் விதவைக்கு மறுமணம் செய்துவைத்த கந்துகூரி வீரேசலிங்கம். பெண்கள் காதால் கேட்கவே கூடாததை ஒரு பெண் எழுதியிருக்கிறாள் என்பது அவர் குற்றச்சாட்டு. பாடகி பெங்களூர் நாகரத்தினம்மாள் மூலச்சுவடியைத் தேடிப் பிடித்து 1910இல் முழு நூலையும் அச்சிட்டு, வெட்கம் பெண்ணுக்கு மட்டும்தானா, ஆண் புலவர்கள் இதைவிடப் பச்சையாக எழுதியதைப் பாடமாக வைத்திருக்கிறீர்களே என்று கேட்டார். 1911இல் ஆங்கில அரசு ஆபாசம் என்று தடை போட்டு, பிரதிகளைப் போலீஸ் அள்ளிக்கொண்டு போனது. பிரகாசம் சென்னை மாகாணப் பிரதமராக இருந்தபோதுதான் தடை நீங்கியது.

ஆக, இந்த விஷயத்தில் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது எது, நூலா தடையா? எனக்குத் தெரிந்த ஒன்றைச் சொல்லிவிட்டேன், உங்களுக்குத் தெரிந்ததையும் எழுதுங்கள்.

மாறன் நெல்லை:

அண்ணே, மரியாதையோடுதான் கேட்கிறேன். ராஜா சபையில் ஒரு தாசி எழுதியதை வைத்து ஊரில் இருந்த குடியானவன் வீட்டை எடை போட முடியுமா? பணக்காரனுக்கும் அரண்மனைக்கும் எல்லாக் காலத்திலும் தனிச் சட்டம்தான். கோயில் சிற்பத்தைக் காட்டுகிறவர்களுக்கும் இதே பதில்தான் சொல்வேன். சிற்பம் செதுக்கியவன் தன் மகளை எப்படி வளர்த்தான் என்று சிற்பத்தில் தெரியாது. சாதாரண சனம் ஒழுக்கமாகத்தான் இருந்தார்கள், கட்டுப்பாடு இருந்தது, அதனால்தான் குடும்பம் நின்றது. இதற்கு ஆதாரம் இருந்தால் காட்டுங்கள், ஒத்துக்கொள்கிறேன்.

வைகைக்கரை:

மாறன் தம்பி, சாதாரண சனத்தைப் பற்றியே பேசுவோம். எங்கள் அப்பத்தா சாகும்வரை ரவிக்கை போட்டதில்லை. காதில் பாம்படம், ஒரு கண்டாங்கிச் சேலை, அவ்வளவுதான். களையெடுக்கவும் சந்தைக்கும் அப்படியேதான் போனார், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. பேரன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கும்போது என் அத்தைமார் ஒரு ரவிக்கையைக் கொண்டுவந்து மாட்டிவிடப் பார்த்தார்கள். “இத்தனை நாள் இல்லாத வெக்கம் இப்ப என்னத்துக்குடி” என்று அதைத் தூக்கி எறிந்தார். அத்தைமார் பள்ளிக்கூடம் போனவர்கள், அவர்களுக்குத்தான் கூச்சம்.

ரவிக்கையை விடுங்கள், கல்யாணத்துக்கு வருவோம். எங்கள் பக்கம் பல சாதிகளில் அறுத்துக்கட்டுவது சர்வசாதாரணம். ஒத்துவரவில்லையென்றால் நாலு பேர் முன்னால் துரும்பைக் கொடுத்துவிட்டால் தீர்ந்தது, ஆணும் வேறு கட்டலாம், பெண்ணும் வேறு கட்டலாம். புருஷன் செத்தால் வெள்ளைச் சேலையோடு மூலையில் உட்கார வேண்டும் என்பதெல்லாம் உழைத்துச் சாப்பிடும் வீடுகளில் கிடையாது. அப்புறம் கையில் கொஞ்சம் காசு வந்து, நாமும் உயர்ந்த சாதி என்று காட்ட ஆசை வந்தபோது, சங்கம் வைத்துத் தீர்மானம் போட்டு முதலில் நிறுத்தியது இதைத்தான். “அவங்க அறுத்துக்கட்டுற கூட்டம்” என்று பக்கத்து சாதியை ஏளனமாகப் பேசியதை நானே கேட்டு வளர்ந்திருக்கிறேன். ஆண்களுக்கு மட்டும் இரண்டாம் கல்யாணத்தை யாரும் நிறுத்தவில்லை. நீங்கள் கட்டுப்பாடு என்று சொல்வது பெரும்பாலும் இப்படி வந்ததுதான், அதுவும் மூன்று தலைமுறைக்குள்.

தோவாளை:

ரவிக்கை பேச்சு வந்ததால் எழுதுகிறேன், எங்கள் மாவட்டத்தில் கதை நேர்மாறு. அக்காவின் அப்பத்தாவுக்குப் போடாமல் இருக்கும் சுதந்திரம் இருந்தது என்றால், எங்கள் முன்னோர்களுக்குப் போடும் உரிமை இல்லை. திருவிதாங்கூரில் நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை போடக்கூடாது என்பது ராஜாங்க உத்தரவு. கிறிஸ்தவத்துக்குப் போன பெண்கள் மிஷனரிகள் தைத்துக் கொடுத்த குப்பாயம் என்ற மேல்சட்டை போட ஆரம்பித்தார்கள், அதுவும் போதாது என்று மேலே சீலையும் போட்டபோது சந்தையில் வைத்துக் கிழித்தார்கள். 1858 கடைசியிலும் 1859 தொடக்கத்திலும் நாகர்கோவில் பக்கம் வீடுகளும் சபைக் கட்டடங்களும் எரிந்தன. சென்னையிலிருந்து கவர்னர் டிரெவெலியன் நெருக்கியதும் 1859 ஜூலையில் மகாராஜா ஒரு பிரகடனம் போட்டார். அதிலும் நிபந்தனை. எப்படி வேண்டுமானாலும் மறைத்துக்கொள், ஆனால் மேல்சாதிப் பெண் போடுகிற மாதிரி மட்டும் போடாதே.

இதில் கவனிக்க வேண்டியது, அந்த மேல்சாதிப் பெண்களும் தங்களுக்கு மேலே உள்ளவர் முன்னால் சீலையை இறக்க வேண்டியிருந்தது. உடம்பு காட்டுவதும் மறைப்பதும் அங்கே கூச்சத்தைப் பொறுத்தது இல்லை, யார் முன்னால் யார் நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. அதனால் பழைய காலத்தில் எல்லாரும் சுதந்திரமாக இருந்தார்கள், வெள்ளைக்காரன் வந்து கெடுத்தான் என்று இந்த இழை போய்விடக் கூடாது. எங்களுக்கு அந்தப் பழைய காலம் நரகம்.

கீழவீதி:

தோவாளை சொல்வதை முழுசாக ஏற்கிறேன். பழைய காலம் பொற்காலம் என்று காட்ட நான் இதைத் தொடங்கவில்லை. என்றைக்குமே ஒரே மாதிரி இருந்தது என்று சொல்கிறார்களே, அதுதான் பொய் என்கிறேன்.

சட்டப் பக்கத்தையும் கொஞ்சம் பார்ப்போம். 1860 இந்திய தண்டனைச் சட்டத்தில் உடலுறவுக்குச் சம்மதம் கொடுக்கும் வயது 10. ஆமாம், பத்து. 1889இல் கல்கத்தாவில் பூல்மணி என்று பதினோரு வயது போலிருக்கும் சிறுமி, முப்பத்தைந்து வயதுக் கணவனால் ரத்தம் போயே செத்தாள். பத்து வயது தாண்டியவள், மனைவி வேறு, அதனால் வன்புணர்வு என்று வழக்குப் போட இடமில்லை, ஒரு வருடச் சிறையோடு ஆள் வெளியே வந்துவிட்டான். அதற்கப்புறம் 1891இல் வயதை 12 ஆக்கினார்கள், அதையே பண்பாட்டில் கை வைக்கிறார்கள் என்று திலகர் எதிர்த்தார். 1929 சாரதா சட்டம் கல்யாண வயதைப் பெண்ணுக்கு 14 ஆக்கியது, 18 என்று ஆனது 1978இல். இன்றைக்கு யாராவது பத்து வயதுப் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிறேன் என்றால் மாறன்தான் முதலில் போலீசுக்குப் போன் போடுவார். அவர் பண்பாட்டை இழந்துவிட்டார் என்று யாரும் சொல்ல மாட்டோம்.

அதே 1860 சட்டத்தில்தான் 377ஆம் பிரிவு, இயற்கைக்கு மாறான உறவுக்கு ஆயுள் வரை தண்டனை. இங்கிலாந்தில் எட்டாம் ஹென்றி காலத்தில், 1533இல் இதற்குத் தூக்கு என்று சட்டம் போட்டார்கள், 1835இல்கூட லண்டனில் இரண்டு பேரைத் தூக்கில் போட்டார்கள். அந்த நாட்டின் பயத்தைச் சட்டமாக எழுதி நமக்குக் கொடுத்தார்கள். அவர்கள் 1967இல் இங்கிலாந்தில் தளர்த்திக்கொண்டார்கள். நாம் 2009இல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் நீக்கி, 2013இல் உச்ச நீதிமன்றத்தில் மறுபடி ஒட்டி, 2018 செப்டம்பரில்தான் விட்டோம்.

மருதாணி:

முதல் பதிவில் நாகரத்தினம்மாளைச் சொன்னீர்கள், பாதியில் விட்டுவிட்டீர்கள். எங்கள் பாட்டி வழி இசை வேளாளர் குடும்பம், தாசி மரபு, அதனால் இது எனக்கு வீட்டு விஷயம்.

நாகரத்தினம்மாள்தான் திருவையாற்றில் தியாகராஜர் சமாதிக்குக் கோயில் எழுப்பினார், பெண்களைப் பாட விடாததால் பெண்களுக்கென்று தனி ஆராதனையும் நடத்தினார். அதே அம்மாள் 1920களின் கடைசியில் முத்துலட்சுமி ரெட்டி, சிறுமிகளைக் கோயிலுக்கு நேர்ந்துவிட்டுத் தாசியாக்கும் பொட்டுக்கட்டும் வழக்கத்தை ஒழிக்க முனைந்தபோது எதிர்ப்பக்கம் நின்றார். முத்துலட்சுமியும் வெளியாள் இல்லை, அவர் தாயார் சந்திரம்மாள் இதே சமூகம். மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் தாசி குலத்திலிருந்தே வந்து ஊர் ஊராகப் போய் இதை எதிர்த்தவர். எங்களுக்குப் படிப்பு உண்டு, சொத்து மகளுக்குப் போகும், கலை உண்டு, ஒழுக்கம் கெட்டவர்கள் என்று எங்களை எழுதாதீர்கள் என்பது ஒரு பக்கம். விவரம் தெரியாத சிறுமிக்குப் பொட்டுக் கட்டி ஒரு பணக்காரரிடம் விடுவதற்குக் கலை என்று பேர் வைக்காதீர்கள் என்பது இன்னொரு பக்கம். என்னால் இரண்டு பேரையும் தள்ள முடியவில்லை. ஆனால் பொட்டுக்கட்டை நிறுத்தியது சரிதான், அதில் எனக்குத் தயக்கமே இல்லை.

1947இல் சட்டம் வந்தது. சதிர் அதற்கு முன்பே பரதநாட்டியம் என்று பேர் மாறி வேறு வீட்டுப் பெண்களின் மேடைக்குப் போய்விட்டது. அதை ஆடிவந்த குடும்பத்துப் பெண்களுக்கு அந்த மரியாதை போய்ச் சேரவில்லை. எங்கள் பாட்டிக்குப் பதம் எல்லாம் மனப்பாடம், சமையலறையில் பாடிக்கொண்டிருப்பார், வாசலில் யாராவது வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டால் நிறுத்திவிடுவார். நன்றாகப் பாடுகிறவள் என்று தெரிந்தால் எந்த வீடு என்று கேட்பார்களாம். ஒழித்தது வழக்கத்தை, அவமானத்தைச் சுமந்தது பெண்கள். சொத்து வைத்திருந்த, பெண்களைத் தேடி வந்த ஆண்களுக்கு எந்தக் கெட்ட பேரும் ஒட்டவில்லை.

கச்சேரிவீதி:

வழக்கறிஞர் தொழிலில் இருந்தவன். 377 பற்றிப் பேசுகிறவர்கள் 1871 குற்றப்பரம்பரைச் சட்டத்தின் இரண்டாம் பாகத்தை விட்டுவிடுகிறார்கள். அது அலிகள் என்று அரசு முத்திரை குத்தியவர்களைப் பதிவேட்டில் ஏற்றச் சொன்னது. பதிவானவர் பெண் உடையில் தெருவில் வந்தாலோ, பொது இடத்தில் ஆடிப் பாடினாலோ வாரண்ட் இல்லாமல் கைது, இரண்டு வருடம் வரை சிறை. உயில் எழுதக் கூடாது, பிள்ளையைத் தத்தெடுக்கக் கூடாது. இணையத்தில் இதை இந்தியா முழுக்க நடந்ததாக எழுதுகிறார்கள், அது சரியில்லை. அந்தப் பாகம் முக்கியமாக வட மேற்கு மாகாணங்கள் (இன்றைய உத்தரப் பிரதேசம்) பக்கம்தான் அமலானது, 1911இல் வந்த புதிய குற்றப்பரம்பரைச் சட்டத்தில் அது இல்லை. நிஜாமின் ஹைதராபாத்தில் இதே மாதிரி ஒரு சட்டம் 1919இல் வந்தது, அதைத் தெலங்கானா உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2023இல்தான்.

தமிழ் இலக்கியத்துக்கும் வருகிறேன். சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடும் பதினோரு ஆடலில் ஒன்று காமன் பேடி உருவில் ஆடிய ‘பேடு’. பெருமையாகச் சொல்ல இது இருக்கிறது. ஆனால் குறளில் 727ஆம் பாட்டைப் பாருங்கள், சபையில் பேச அஞ்சுகிறவன் கற்ற நூல், பகை நடுவே பேடியின் கையிலுள்ள வாள் போல என்கிறது. நாலடியார் இன்னும் கடுமை. போன பிறவியில் பிறன்மனை தேடிப் போனவர்தான் இந்தப் பிறவியில் ‘அலியாகி ஆடிஉண் பார்’ என்கிறது. அந்தக் கடைசி இரண்டு சொற்களில் ஒரு சமூகத்தின் பிழைப்பே இருக்கிறது. நாலடியார் காலத்தில் இகழ்ச்சி இருந்தது, ஆனால் ஆடிச் சாப்பிட விட்டார்கள். 1871இல் அந்த ஆட்டத்தையே குற்றமாக்கினார்கள். இகழ்ச்சி பழசு, போலீஸ் புதுசு. இரண்டையும் குழப்பக் கூடாது.

செம்பருத்தி:

நான் திருநங்கை. கச்சேரிவீதி ஐயா நாலடியாரைச் சொன்னதற்கு நன்றி, நிறைய பேர் எங்களிடம் வந்து அர்த்தநாரியும் அரவானும் இருக்கிறார்களே, நம் மதத்தில் உங்களுக்கு எவ்வளவு மரியாதை என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

கூவாகத்துக்குச் சித்திரையில் வருகிறேன். கூத்தாண்டவர் கோயிலில் பூசாரி கையால் தாலி கட்டிக்கொண்டு ராத்திரி முழுக்கக் கும்மி, மறுநாள் அரவான் களப்பலி ஆனதும் தாலியை அறுத்து, வளையலை உடைத்து, வெள்ளைச் சேலை. அந்த ஒரு நாளில் ஊரே எங்களிடம் திருநீறு வாங்கும், பிள்ளையைக் கையில் கொடுத்து ஆசீர்வாதம் பண்ணச் சொல்லும். அடுத்த வாரம் அதே ஜில்லாவில் வாடகைக்கு வீடு கேட்டால் கிடையாது. போன் பண்ணும்போது காலி என்பார்கள், நேரில் பார்த்ததும் சொந்தக்காரர் வருகிறார் என்பார்கள். சாமியாக்கி வைத்தால் மனுஷியாக நடத்த வேண்டியதில்லை என்று நினைக்கிறார்கள்.

எது மாறியது என்று கேட்டால் 2008இல் தமிழ்நாட்டில் நல வாரியம் வந்ததைச் சொல்வேன். எனக்கு முதலில் கிடைத்த அட்டையில் என் பேர், என் போட்டோ. எங்கள் திருநங்கைகள் ஜமாத்தில் என்னை மகளாக எடுத்த அம்மாவுக்கு அது எதுவும் இல்லாமலே பாதி வாழ்க்கை போனது, ஆஸ்பத்திரியில் ஆண்கள் வார்டிலா பெண்கள் வார்டிலா என்று சண்டை போட்டே பாதி ராத்திரி போய்விடும். 2014 ஏப்ரல் 15இல் உச்ச நீதிமன்றம், நீ யார் என்று நீயே சொல்லலாம் என்றது. 2019இல் வந்த சட்டம் மறுபடி கலெக்டர் சான்றிதழ் வாங்கு என்கிறது. ஒரு அடி முன்னே, அரை அடி பின்னே. ஆனால் முன்னேதான் போகிறோம், அதற்காகத் தெருவில் நின்றவர்களை எனக்குத் தெரியும்.

வன்னிக்காற்று:

இலங்கையிலிருந்து எழுதுகிறேன். எங்களிடம் 1883இல் வந்த தண்டனைச் சட்டக் கோவைதான், ஒரே பால் உறவைக் குற்றமாக்கும் 365, 365அ பிரிவுகள். உங்களுடையதற்குத் தம்பி. ஒரு வித்தியாசம், 1995இல் திருத்தம் கொண்டுவந்தபோது எடுத்து விடாமல், பெண்களுக்கும் பொருந்தும்படி அகட்டி விட்டார்கள். வெள்ளைக்காரர் போய் அரை நூற்றாண்டுக்குப் பிறகு நாங்களே செய்தது, அதை அவர்கள் தலையில் போட ஏலாது. 2023 மே மாதம், இதை நீக்கும் சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் இல்லை என்று எங்கள் உயர் நீதிமன்றம் (சுப்ரீம் கோர்ட்) சொன்னது. யுத்தம் நடந்த இடங்களில் இதைப் பற்றிக் கதைக்கவே இடம் இருக்கவில்லை, உயிரோடு இருந்தால் காணும் என்ற நிலைமை. இப்போதுதான் இளம் பிள்ளைகள் துணிந்து பேசத் தொடங்கியிருக்கினம்.

சிராங்கூன்:

சிங்கப்பூரில் ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377A, 1938இல் வந்தது, 2022 நவம்பரில் நாடாளுமன்றம் நீக்கியது. ஆனால் அதே நாளில் திருமணம் என்றால் ஆணும் பெண்ணும்தான் என்ற விளக்கத்தை வழக்குகளிலிருந்து காப்பாற்ற அரசியலமைப்பையும் திருத்திவிட்டார்கள். எங்கள் அப்பா தலைமுறைக்கு முதல் பாதியே அதிர்ச்சி, என் பிள்ளைகளுக்கு இரண்டாவது பாதி அதிர்ச்சி.

மாறன் நெல்லை:

எல்லாவற்றையும் படித்தேன். அறுத்துக்கட்டுவது எங்கள் பக்கமும் இருந்ததுதான், அம்மாவிடம் கேட்டேன், சொன்னார்கள். எல்லாவற்றுக்கும் நான் தலையாட்டவில்லை, பெற்றவர்கள் மனதையும் நீங்கள் யாரும் பேசவில்லை.

நேரடியாகவே கேட்டுவிடுகிறேன். எங்கள் உறவில் ஒரு பையன், கல்லூரி படிக்கிறான், தனக்குப் பெண்கள் மேல் நாட்டம் இல்லை என்று வீட்டில் சொல்லிவிட்டான். அழுகையும் அடியுமாக இருக்கிறது. மருந்தும் ஷாக்கும் கொடுத்து மாற்றிவிடலாம் என்று ஒரு டாக்டர் சொன்னாராம், கூட்டிக்கொண்டு போக என்னைக் காரோடு வரச் சொல்கிறார்கள். போகலாமா?

கச்சேரிவீதி:

போகாதீர்கள். காரையும் கொடுக்காதீர்கள்.

மதுரையிலிருந்து சென்னைக்கு ஓடிவந்த இரண்டு பெண்களின் வழக்கில் 2021 ஜூனில் சென்னை உயர் நீதிமன்றம் இந்த ‘மாற்றும்’ சிகிச்சையைத் தடை செய்தது. அந்த நீதிபதி ஆனந்த் வெங்கடேஷ், தனக்கே இது பழக்கமில்லாத விஷயம் என்று சொல்லி, தீர்ப்புக்கு முன் ஒரு உளவியலாளரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். பெற்றவர்களையும் அவர் கவுன்சிலிங்குக்கு அனுப்பினார், நீங்கள் கேட்கிற பெற்றவர்கள் மனது அந்த வழக்கில் பேசப்பட்டதுதான். 2022இல் தேசிய மருத்துவ ஆணையம் இப்படிச் சிகிச்சை தருவது மருத்துவரின் தொழில் நடத்தைக் குற்றம் என்று மாநிலக் கவுன்சில்களுக்கு எழுதியது. இது நோயே இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் பட்டியலிலிருந்து எடுத்தது 1990இல். அந்த டாக்டர் மேல் மாநில மருத்துவக் கவுன்சிலில் புகார் கொடுக்கலாம்.

பையனுக்கு 18 முடிந்துவிட்டது என்றால் அவன் சம்மதம் இல்லாமல் எங்கேயும் கொண்டுபோக முடியாது. வீட்டில் அடி விழுகிறது என்கிறீர்கள், அதுதான் முதல் அவசரம். அவன் போனைப் பிடுங்கி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள், கல்லூரிக்குப் போகிறானா என்று பாருங்கள். தமிழ்நாட்டில் போலீஸ் இப்படிப்பட்டவர்களைத் தொந்தரவு செய்யக் கூடாது என்று நடத்தை விதியிலேயே 2022இல் சேர்த்திருக்கிறார்கள், அதனால் ஸ்டேஷனுக்குப் போனாலும் பயப்பட வேண்டாம் என்று அவனிடம் சொல்லுங்கள். கல்யாணம் பதிவு செய்ய இன்னும் வழியில்லை, 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுத்துவிட்டது. ஆனால் கல்யாணம்தான் குடும்பத்துக்கு ஒரே வழி இல்லை என்று 2025 மே மாதத்தில் நம் உயர் நீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

செம்பருத்தி:

மாறன் தம்பி, காரை எடுத்துக்கொண்டு போங்கள், ஆனால் டாக்டர் வீட்டுக்கு இல்லை. அவனை நாலு நாள் உங்கள் வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். அவன் அப்பா அம்மாவை மட்டும் தனியாக உட்கார வைத்துப் பேச ஆள் வேண்டும் என்றால் தனிச்செய்தியில் எழுதுங்கள், தன் பிள்ளைக்காக இதையெல்லாம் கடந்து வந்த ஒரு அம்மா உங்கள் பக்கத்து ஊரிலேயே இருக்கிறார், பேசச் சம்மதமா என்று கேட்டுச் சொல்கிறேன்.

மாறன் நெல்லை:

எழுதியிருக்கிறேன் அக்கா. இன்றைக்குச் சாயந்திரமே போகிறேன்.